ஓ வகை ரத்தமுள்ள மகனுக்கு

கண்ணு, ஹாஸ்டலில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினாய், அது பதில் ஆகாது. காய்ச்சிய தண்ணீரா, கேனா, குழாயா என்று சொல். பரிசோதனைக்கூடத்தில் கையுறை தருகிறார்களா, உன் கைக்குப் பொருந்துகிற அளவில் தருகிறார்களா, குத்தி முடித்த ஊசியைப் போடத் தனி டப்பா வைத்திருக்கிறார்களா என்பதையும் சொல். போனில் கேட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கவலைப்படுவதே உனக்கு வேலையாகப் போயிற்று என்கிறாய். இருக்கட்டும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது தண்ணீருக்காக இல்லை.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் லேப் டெக்னீஷியன் படிப்பின் முதலாம் ஆண்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாய். ரத்த வகைப் பாடம் வந்ததும் தலையைத் தூக்கி, "அம்மா, நீங்க ரெண்டு பேரும் பி. நான் ஓ. நம்ம வீடே ஒரு பாடம்மா. எப்படின்னு சொல்லேன்" என்று சிரித்தாய். உன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பா முடிச்சைப் பாதியில் விட்டார். "உங்கம்மாவக் கேளுப்பா. அவங்கதான் சயின்ஸ் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, வண்டி வந்துவிட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போனார். வண்டி மறுநாள் காலைக்குத்தான் சொல்லியிருந்தது. நான் அப்புறம் சொல்கிறேன் என்றேன். மிகவும் தாமதமான அப்புறம் இது.

நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது உனக்கு டெங்கு வந்தது. தட்டணுக்கள் குறைந்துவிட்டன, ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றார். இதை நீ மறக்கக் கூடாது. நர்ஸ் சீட்டைப் பார்த்து, "நீங்க பி-ங்க, அவங்களும் பி. புள்ளைக்கு ஓ பாசிட்டிவ். ஓ-காரங்க யாரையாச்சும் வரச் சொல்லுங்க" என்றாள். அப்பாவோடு ஒரகடம் கம்பெனியில் ஒரே ஷிஃப்டில் இருந்த ஒருவர் வந்து கொடுத்தார். நீ பிழைத்தாய். எனக்கு அந்த நேரத்தில் ஓ-வும் தெரியவில்லை, பி-யும் தெரியவில்லை. உன் உதட்டில் நிறம் திரும்புகிறதா என்பது மட்டும்தான் தெரிந்தது. ஆனால் உனக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்த உன் அத்தை, அப்பாவின் அக்கா, அங்கேயே கேட்டுவிட்டாள். "அது இன்னாமா அது, ரெண்டும் பி, புள்ள மட்டும் ஓ?" கேட்டது நர்ஸிடம். பார்த்தது என்னை.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருவதற்கு முன்னால் அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அப்போது நாம் பிள்ளையார்பாளையத்தில் தாத்தா வீட்டில் இருந்தோம். தாத்தா தறியில் அரக்கு நிறச் சேலை ஒன்றை நெய்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமலேயே கேட்டார். "நான் படிக்காதவன்மா, தப்பா நெனைக்காத. பாவும் அரக்கு, ஊடையும் அரக்கு. துணி எப்படிம்மா வெள்ளையா வரும்?" நீளவாட்டு இழை பாவு, குறுக்கு இழை ஊடை, இரண்டும் ஒரே நிறமென்றால் துணியும் அதே நிறம்தான். இரண்டும் வேறு வேறாக இருந்தால் மயில்கழுத்து மாதிரி ஒரு கலப்பு நிறம் கிடைக்கும். எந்த நிறமும் எங்கேயும் காணாமல் போகாது. பட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ரத்தமும் அப்படித்தான் ஓடும் என்று அவர் எடுத்துக்கொண்டதுதான் பிழை. உலகத்தில் வேறு எந்த மாமனாரும் மருமகளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்.

நான் விலங்கியல் படித்தவள். பட்டம் வாங்கி, சான்றிதழின் மை காயும் முன் கல்யாணம் பண்ணிக் கொடுத்தார்கள் என்றாலும் படித்தவள். அதனால் பதில் சொன்னேன். அவர் நெய்து சுருட்டியிருந்த சேலையின் ஓரத்தைத் திருப்பி, பூவுக்குப் போட்ட ஜரிகை பின்பக்கம் ஓடுவதைக் காட்டி, "இது முன்னாடி தெரியுதா மாமா? அது மாதிரி ஓ-ங்கிற இழை எனக்கும் உள்ளே ஓடுது, உங்க பிள்ளைக்கும் உள்ளே ஓடுது. மேலே தெரியறது பி மட்டும். ரெண்டு பேரும் உள்ளே இருக்கிறதையே குடுத்தா, புள்ளைக்கு ஓ வெளியே தெரியும்" என்றேன். தாத்தா தறியை நிறுத்தினார். சேலையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரிதாம்மா. ஆனா அது நாங்க போட்ட இழை. நாங்க போடாதது பின்னாடி ஓடாது" என்றார். அத்தை, "நல்லா கேட்டப்பா" என்று சிரித்தாள். அப்பா அங்கேதான் இருந்தார். டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

நீ படிக்கப்போகிற பாடத்தில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று இரண்டு சொற்கள் வரும். ஒடுங்கு பண்பு அழிந்துபோவதில்லை. ஓங்கியது பக்கத்தில் இருக்கும்வரை வாயைத் திறக்காமல் இருக்கும், அவ்வளவுதான். வருஷா வருஷம் இதைப் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். அந்த வருஷம் நடத்தும்போது பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய் நின்றேன்.

கோபப்பட்டு அழுதிருக்கலாம். பிறந்த வீட்டுக்கு முசரவாக்கத்துக்குப் பஸ் ஏறியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒரே வழி: கேள்வியைச் சோதனைக்கு அனுப்புவது. முதலில் சோதனையையே சந்தேகப்பட்டேன். ஆஸ்பத்திரியில் குழாய்க்குப் பேர் மாற்றி ஒட்டியிருக்கலாம், அவசரத்தில் தப்பாகப் பார்த்திருக்கலாம். நீ தேறியதும் வேறொரு லேபுக்கு உன்னை அழைத்துப்போனேன். ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லி உன் விரலைக் குத்த வைத்தேன். மறுபடியும் ஓ. எதை நம்ப ஆசைப்படுகிறோமோ அதைத்தான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும் என்று உங்கள் வாத்தியார் சொல்வார். அந்த லேப் வாசலில் பேர் மாறியிருக்கட்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டு நின்றவள் நான். என்மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தும் அப்படிக் கும்பிட்டேன். இப்போது நினைத்தாலும் அதுதான் எரிகிறது.

அடுத்தது என் பக்கம். உன் மாமாவுக்கு, என் தம்பிக்கு, ஓ, அவன் லைசென்ஸிலேயே இருந்தது. எங்கள் அப்பாவுக்கும் ஓ. ஆக எனக்குள் ஓ ஓடுகிறது என்பது உறுதி. மீதி இருந்தது உன் அப்பாவின் பக்கம். அவரைப் பெற்றவள் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டாள். இருந்தது தாத்தா மட்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். "மாமா ரத்தத்தைப் பார்க்கலாம். மாமாவுக்கு ஓ வந்தா, உங்க தம்பிக்குள்ளே ஓ இருக்குதுன்னு நிச்சயமாச் சொல்லிடலாம் அண்ணி. மாமாவுக்கு பி வந்தா, ஒண்ணும் சொல்ல முடியாது."

அத்தை சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "நல்லா இருக்குதே கத. வந்தா நீ ஜெயிச்ச, வராங்காட்டி யாரும் ஜெயிக்கல. தோக்கறதே கெடையாதா உனுக்கு?"

கேட்டது குத்தலுக்கு. ஆனால் நல்ல கேள்வி கண்ணு, என் கல்லூரி வாழ்க்கையில் அவ்வளவு நல்ல கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. தோற்கவே முடியாத வாதம் அறிவியல் இல்லை. எது நடந்தால் நான் தப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சோதனைக்குள் இறங்க வேண்டும். அவளுக்குப் பதில் சொன்னேன். "இருக்குது அண்ணி. பி-யும் பி-யும் சேர்ந்தா ஏ வராது, ஏபி வராது. என் புள்ளைக்கு அந்த மாதிரி வந்திருந்தா, நானே தலையக் குனிஞ்சிக்கினு நின்னிருப்பேன்." அரிதான விதிவிலக்குகள் அதிலும் உண்டு, பின்னால் படிப்பாய். "அப்ப ஓ எவ்ளோ தடவ வரும்?" என்று தாத்தா கேட்டார். சராசரியா நாலுல ஒண்ணு என்றேன். அவர் விரலை மடக்கி யோசித்தார். "நாலு சேலைக்கு ஒண்ணுன்னு சொல்ற. நீ நெய்ஞ்சதே ஒண்ணுதானேம்மா" என்றார். ஒவ்வொரு பிறப்புக்கும் தனித்தனியாக அந்த வாய்ப்பு உண்டு, நாலு பிறந்து முடிகிறவரை அது காத்திருக்காது என்று விளக்கப் பார்த்தேன். அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்பா மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். ரசம் வேண்டுமா என்று கேட்டேன், தலையாட்டினார்.

தாத்தா ஊசி என்றால் ஒத்துக்கொள்ளவே இல்லை. பிறகு தெருவில் யாரோ என்னவோ கேட்டுவிட்டார்கள் போல. ஒரு காலை நேரத்தில் வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "வாம்மா, போய் வந்துடலாம்" என்றார். அப்பாவும் கூட வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த சின்ன லேப் அது. நீ நாளைக்குச் செய்யப்போகிற வேலையை அங்கே ஒரு பெண் செய்தாள். வெள்ளைத் தட்டில் மூன்று சொட்டு ரத்தம், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்துத் துளி, குச்சியால் ஒரு கலக்கு. எதில் ரத்தம் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகிறதோ அந்த வகை அவருடையது. முதல் சொட்டு ஏ-வுக்கு, திரியவில்லை. இரண்டாவது பி-க்கு, அதுவும் திரியவில்லை. மூன்றாவது மட்டும் திரிந்தது, அது பாசிட்டிவ். "ஓ பாசிட்டிவ் தாத்தா" என்றாள் அந்தப் பெண்.

தாத்தா தட்டின் மேல் குனிந்தார். "திரியலியே. அப்ப என்கிட்ட இன்னா இருக்குது?"

"ஏ-வும் இல்ல, பி-யும் இல்ல தாத்தா. அதான் ஓ."

"ஒண்ணுமே இல்லியா?" அவர் என்னிடம் திரும்பினார். "இல்லாதத எப்படிம்மா புள்ளைக்குக் குடுக்க முடியும்?"

ஏ-யோ பி-யோ செய்யத் தெரியாத ஒரு மரபணு என்றாலும் அதுவும் மரபணுதான், அதுவும் கைமாறும் என்று சொன்னேன். தாத்தாவிடம் இரண்டு பங்கும் அதுதான். அதனால் உன் அப்பாவுக்கு அவர் அதைத் தவிர வேறு எதையும் கொடுத்திருக்க முடியாது. அப்பாவுக்குத் தெரிகிற பி அவருடைய அம்மா கொடுத்தது. எந்த இழையை நாங்கள் போடவில்லை என்று தாத்தா சொன்னாரோ, அதைப் போட்டவர் அவரேதான். அவர் மறுபடியும் அந்தத் தட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நான்தானா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் வந்தது. உன் அப்பா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, லேபில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்பாடா" என்றார்.

சாதாரணச் சொல்தான். பஸ்ஸில் இடம் கிடைத்தால் சொல்வோம், வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தால் சொல்வோம். ஒரு பாரத்தை இறக்கி வைக்கிறவன்தான் அதைச் சொல்வான். அதைக் கேட்ட பிறகுதான் அவர் அத்தனை நாளும் அதைச் சுமந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை அவர் பேசாமல் இருந்தது அக்காவுக்குப் பயந்து, அப்பாவுக்கு மரியாதை காட்டி என்று நான் எனக்குள் ஒரு கருதுகோள் வைத்திருந்தேன். ஒரே சொல்லில் அது தோற்றது. சந்தேகம் அத்தைக்கு மட்டும் இல்லை. என்னோடு ஒரே பாயில் படுத்தவருக்கும் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினார். அத்தைக்கு ஒன்றை எடுத்து நீட்டி, "பார்த்தியாக்கா, ப்ரூவ் ஆயிடுச்சு" என்றார். நான் அப்போது வாயை மூடிக்கொண்டு ஒரு துண்டு இனிப்பைச் சாப்பிட்டிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. "ஒண்ணும் ப்ரூவ் ஆகலைங்க. உங்களுக்கும் எனக்கும் ஓ புள்ள பொறக்க முடியும்னு மட்டும்தான் இது சொல்லுது. பொறந்தது உங்களுக்குத்தான்னு சொல்லல. அதுக்கு வேற டெஸ்ட் இருக்குது, வேணும்னா சொல்லுங்க, இன்னிக்கே போலாம்" என்றேன். நடக்கக்கூடியது வேறு, நடந்தது வேறு. இது இரண்டையும் ஒன்றாக்குகிற பிள்ளைகளுக்கு நான் பரீட்சையில் மார்க் குறைப்பேன். ஒரு தப்பான காரணத்துக்காக நல்லவள் என்று பேர் வாங்க எனக்கு மனசு வரவில்லை. அப்பாவின் முகம் போன போக்கை உனக்கு எழுத முடியவில்லை. "சும்மா இருக்க மாட்ட நீ?" என்றார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிக்கினு இருக்குது, இப்ப எதுக்கு அதெல்லாம்?"

வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனித்துக்கொள். எனக்கு எந்த டெஸ்டும் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. எதுக்கு என்றார். அத்தை மைசூர்பாகை மென்றுகொண்டே, "டெஸ்டெல்லாம் எதுக்குடா, இன்னொண்ணு பெத்துப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது" என்றாள். அப்பா அதற்கும் சிரித்தார்.

தம்பி வேண்டும், தங்கச்சி வேண்டும் என்று எத்தனை முறை என் முந்தானையைப் பிடித்து இழுத்திருப்பாய். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவந்தேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு குழந்தையை இரண்டாவது சோதனையாகப் பெற்று, அதன் விரலைக் குத்தும்வரை அந்த வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்க்க என்னால் முடியாது. சோதனையைத் திரும்பச் செய்வது நல்ல வழக்கம்தான். பிள்ளையைப் பெற்றா திரும்பச் செய்வது? நீ தனியாக வளர்ந்தாய். பொங்கலுக்கு அத்தை பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிய பிறகு தெருமுனைவரை போய் நின்றுவிட்டு வருவாயே, அந்தத் தனிமையைக் கொடுத்தது அந்த ஒரு நாள்தான்.

செவிலிமேட்டில் வீடு கட்டிக் குடிவந்தோம். அப்பா உன்னை ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தார், அதை மறுக்க மாட்டேன். ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்காமல் உனக்கு சைக்கிள் பழக்கினார். இந்தப் படிப்புக்கு எனக்கு முன்னால் சரி என்றவர் அவர். ஆனாலும் நான் உற்றுநோக்கப் பழகியவள். கல்யாண வீடுகளில் யாராவது, "அப்படியே அப்பா ஜாடை" என்று சொன்னால், அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு உன் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பார். சொன்னவர் நகர்ந்த பிறகும் பார்ப்பார். வேறு யாருக்கும் அது தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது. ஒரு தடவை பார்த்திருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பேன்.

இனி நீ அந்தத் தட்டின் முன்னால் உட்காரப்போகிறாய். யாராவது ஒரு பெண், கையில் பிள்ளையோடு, சீட்டை வைத்துக்கொண்டு உன் ஜன்னலில் வந்து நிற்பாள். அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் கேட்பதற்கு முன்னால், "இது நடக்கக்கூடியதுதாங்க, இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல" என்று நீயே சொல்லிவிடு. பார்த்ததைச் சொல், பார்க்காததைச் சொல்லாதே. அது போதும். என் படிப்பெல்லாம் சேர்த்து உனக்குத் தருகிற புத்தி அதுதான்.

உனக்கும் ஒருநாள் அந்த இன்னொரு டெஸ்டைச் செய்து பார்க்கத் தோன்றலாம். வேண்டிய கருவி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நீ செய்து பார்த்தாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் செய்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள். உன் விரலைக் குத்தினார்கள், இரண்டாம் முறையும் குத்தினார்கள், தாத்தாவின் விரலைக் குத்தினார்கள். பாவு பார்த்தார்கள், ஊடை பார்த்தார்கள், காது பார்த்தார்கள், மூக்கு பார்த்தார்கள். அந்த வீட்டில் விடை தெரிந்த ஒரே ஆள் நான். ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. அத்தை கேட்கவில்லை, தாத்தா கேட்கவில்லை. அவ்வளவு பாடம் நடத்திய நானே அதைச் சொல்லாமல் மரபணுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உன் அப்பா இன்றைக்குவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் பதில் சொல்லியிருப்பேன்.

நீ அவருடைய மகன். இதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, நான் சொல்கிறேன், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு அவரிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். காட்டினால், மேலே ஒன்றும் நீ விளக்க வேண்டாம். அவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை என்னிடம் கேட்கட்டும். அடுத்த அறையில்தான் இருக்கிறேன்.